எலைட் டேஞ்சரஸ்: சுடுவதற்கு முன் தப்பிக்கக் கற்றுக்கொடுத்த விளையாட்டு

எட்டு மாதமாக எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். முதல் இரண்டு மாதம் சண்டை என்று ஒன்று வந்தாலே கப்பல் போய்விடும். இன்று வைப்பர் என்ற ஒரு சின்ன விண்கப்பலை வைத்துக்கொண்டு, என்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலோடு மோதி, பரிசுப் பணத்தோடு திரும்பி வர முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த விளையாட்டை வாங்கலாமா என்று அலுவலகத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இவ்வளவு நீளம்.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய எலைட்தான் இதற்கு மூலம். அதே பிரேபன் நடத்திய ஃபிரண்டியர் நிறுவனம் 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி, 2014 டிசம்பரில் இதை வெளியிட்டது. நம் பால்வெளி மண்டலத்தையே அதன் உண்மையான அளவில், ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு உருவாக்கியிருக்கிறார்கள். கையில் சைட்வைண்டர் என்ற சின்னக் கப்பலையும் 1,000 கிரெடிட்டையும் (விளையாட்டுக்குள் செல்லும் பணம்) கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சரக்கு ஏற்றலாம், சுரங்கம் தோண்டலாம், யாரும் போகாத நட்சத்திரத்தைத் தேடிப் போகலாம், கொள்ளையர்களை வேட்டையாடலாம். எதைச் செய்தாலும் ஒரு கட்டத்தில் யாராவது உங்களைச் சுடுவார்கள் என்பது மட்டும் உறுதி.

நான் ஆரம்பத்தில் சரக்குதான் ஏற்றினேன். பெங்களூருவில் வேலை முடிந்து ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ பிடித்து அல்சூர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு உட்கார்ந்தால் நாலைந்து நடை ஓட்டலாம். அப்படி இரண்டு வாரம் சேர்த்த பணத்தில் வைப்பர் மார்க் 3 வாங்கினேன். வெறும் கப்பல் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிரெடிட்டுக்கு மேல். மிச்சம் இருந்ததை எல்லாம் லேசரில் போட்டேன். கையில் ஒன்றும் இல்லை. நேராக ஒரு நட்சத்திரத்தின் நேவ் பீக்கன் என்ற வழிகாட்டி மிதவைக்குப் போய், முதலில் கண்ணில் பட்ட கப்பலைச் சுட்டேன். அது குற்றவாளிக் கப்பலே இல்லை. அடுத்த நொடி போலீஸ் கப்பல்கள் மூன்று என் பக்கம் திரும்பின. அரை நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்தது. கப்பல் வெடித்தால் அதன் மதிப்பில் 5 சதவீதம் கட்டினால் திரும்பத் தருவார்கள், அதற்கு ரீபை என்று பெயர். அதைக் கட்டவும் என்னிடம் பணமில்லை. மறுபடியும் சைட்வைண்டர். இரண்டு வார உழைப்பு போன அந்த இரவு எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை.

எங்கள் மாடி வீட்டில் தூத்துக்குடி அண்ணன் ஒருவர் இருக்கிறார், பல வருடமாக இதை விளையாடுகிறவர். மறுநாள் படிக்கட்டில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். என்ன ஆயுதம் வைத்திருந்தாய், யாரைச் சுட்டாய் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, உள்ள போறதுக்கு முன்னாடி எந்த ஸ்டாருக்கு ஓடுறதுன்னு செலக்ட் பண்ணி வச்சிருந்தியா?" இல்லை என்றேன். "அப்ப நீ சண்டைக்குப் போகல, சாகப் போயிருக்க" என்றார். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த விளையாட்டின் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. ஆபத்திலிருந்து வெளியேற இரண்டு வழி. ஒன்று, அதே மண்டலத்துக்குள் சூப்பர்குரூஸ் என்ற அதிவேகப் பயணத்துக்குப் போவது. இன்னொன்று, வேறு நட்சத்திரத்துக்கே ஜம்ப் செய்வது. முதல் வழியில் ஒரு சிக்கல்: பக்கத்தில் உங்களைவிடப் பெரிய கப்பல் இருந்தால் அதன் எடை உங்கள் டிரைவை, அதாவது இந்தப் பாய்ச்சலுக்கான எஞ்சினை, இழுத்துப் பிடிக்கும், சார்ஜ் ஏறுவது ஆமை வேகத்தில் நடக்கும், அதற்குள் கதை முடிந்துவிடும். வேறு நட்சத்திரத்துக்கு ஜம்ப் செய்தால் இந்தத் தடை கிடையாது, எவ்வளவு பெரிய கப்பல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் சார்ஜ் வழக்கமான வேகத்தில் ஏறும். ஆனால் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது மெனுவைத் திறந்து எந்த நட்சத்திரம் என்று தேட முடியாது. அதனால்தான் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்கிறார். இன்னொன்றும் உண்டு: ஆயுதங்கள் வெளியே நீட்டியபடி இருந்தால் டிரைவ் சார்ஜே ஆகாது. பதற்றத்தில் ஜம்ப் பட்டனை நாலு தடவை அழுத்திவிட்டு "ஏன் போக மாட்டேங்குது" என்று திணறுகிற எல்லோருக்கும் காரணம் இதுதான். முதலில் ஆயுதத்தை உள்ளே இழுக்க வேண்டும், அப்புறம் ஜம்ப். இந்த வரிசை கைக்குப் பழகும்வரை சண்டையே இல்லாத இடத்தில் நின்று பயிற்சி செய்தேன், மூன்று நாள்.

அடுத்தது பிப். என் பார்வையில் இந்த விளையாட்டின் உயிர்நாடியே இதுதான், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பலின் மின்சாரத்தை மூன்று இடத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்: ஷீல்டு (கப்பலைச் சுற்றியுள்ள கவசம்) முதலியவற்றுக்கு சிஸ், ஓட்டத்துக்கு எஞ்ச், ஆயுதத்துக்கு வெப். பிப் என்பது அந்த மின்சாரத்தின் ஒரு பங்கு; மொத்தம் 6 பிப், ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 4. தொடக்கத்தில் 2-2-2 என்று சமமாக இருக்கும். கீபோர்டில் இடது அம்பை இரண்டு தடவை தட்டினால் 4-1-1 ஆகிவிடும், அதாவது சிஸ் நிரம்பிவிடும். மேல் அம்பு எஞ்ச், வலது அம்பு வெப், கீழ் அம்பு தட்டினால் மறுபடி சமம். கேட்க ஏதோ செட்டிங்ஸ் மாதிரி இருக்கிறது, ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் இரண்டு மாதம் 2-2-2-லேயே பறந்தேன். உண்மையில் சண்டையின் ஒவ்வொரு சில நொடிக்கும் இதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிஸில் 4 பிப் இருக்கும்போது ஷீல்டு அதே அடியை வெகு குறைவான சேதத்தோடு தாங்கும். எதிரியின் மூக்கு உங்களைப் பார்க்கிறதா, சிஸுக்குக் கொடு. அவன் உங்களைக் கடந்து போய்விட்டானா, எஞ்சுக்குக் கொடுத்துத் திரும்பு. இப்போது உங்கள் மூக்கு அவன் முதுகைப் பார்க்கிறதா, வெப்புக்குக் கொடுத்துச் சுடு. மறுபடி அவன் திரும்புகிறானா, மறுபடி சிஸ். முதல் வாரம் விரல் தடுமாறும். ஒரு மாதம் கழித்து, நினைக்காமலேயே விரல் போகும், சைக்கிள் ஓட்டுகிறபோது பிரேக்குக்குக் கை போவது மாதிரி. அந்த மாற்றம் நடந்த வாரத்தில்தான் எனக்கு முதல்முறையாக ஒரு சண்டை முழுக்க ஷீல்டு விழாமல் நின்றது.

ஓட்டுவதைப் பற்றி: முழு வேகத்தில் போனால் நல்லது என்று தோன்றும், தவறு. த்ராட்டில் என்ற வேகக் கட்டுப்பாட்டின் அளவுகோலின் நடுவில் நீலமாக ஒரு பகுதி காட்டுவார்கள், அந்த வேகத்தில்தான் கப்பல் மிகச் சீக்கிரம் திரும்பும். அப்புறம், கப்பல் இடது வலதாகத் திரும்புவதில் மந்தம், மேலும் கீழுமாக மூக்கைத் தூக்குவதில் வேகம். அதனால் எதிரி வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் திருப்பக்கூடாது, கப்பலை உருட்டி அவனை உங்கள் தலைக்கு மேலே கொண்டுவந்து, அப்புறம் மூக்கைத் தூக்க வேண்டும். கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது ஒப்பவே ஒப்பாது. பழகிவிட்டால் வேறு மாதிரி ஓட்டவே தோன்றாது. ஃபிளைட் அசிஸ்ட் என்ற தானியங்கி ஓட்டுதவியை அணைத்துவிட்டு ஒரு திசையில் நழுவிக்கொண்டே வேறு திசையில் சுடுகிற வித்தை ஒன்று இருக்கிறது. அண்ணன் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அழகு. எனக்கு இன்னும் கைகூடவில்லை, புதியவர்களுக்கு இப்போதைக்குத் தேவையும் இல்லை.

ஆயுத விஷயத்தில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: லேசர் ஷீல்டைக் கரைக்கும், குண்டு உடம்பைக் கிழிக்கும். வைப்பரில் இரண்டு நடுத்தர, இரண்டு சிறிய ஆயுத இடங்கள் உண்டு. நான் நடுத்தரத்தில் குண்டு சுடும் மல்டி கேனன், சிறியதில் பல்ஸ் லேசர் வைத்திருக்கிறேன். இரண்டுமே கிம்பல் வகை, அதாவது குழாய் தானாகவே கொஞ்சம் எதிரியைத் தேடித் திரும்பும். எதிரி சாஃப் என்ற தகடுத் துகளை வீசினால் இந்த கிம்பல் குழம்பி எங்கெங்கோ சுடும். அப்போது டார்கெட்டை விட்டுவிட்டால் குழாய் நேராக நிற்கும், கையால் குறி பார்த்துச் சுடலாம். இதை யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன், அந்த ஒரு நாள் மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பணம் சம்பாதித்துக்கொண்டே சண்டை பழகுவதற்கு ரெஸ் என்கிற சுரங்கப் பகுதிகள்தான் சரியான இடம். கோள்களைச் சுற்றியுள்ள வளையத்தில் சுரங்கம் தோண்டுகிறவர்களைக் கொள்ளையடிக்க வருகிறவர்களை நாம் அடிக்கிறோம். ஹசார்டஸ் என்று பெயர் போட்டதைத் தவிர மற்றவற்றில் போலீஸ் சுற்றிக்கொண்டிருக்கும், அவர்கள் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிற ஆளைப் போய் நாமும் அடிக்கலாம், பரிசுப் பணம் நமக்கும் வரும். சரக்கு எதுவும் இல்லாமல் காலியாகப் போனால் கொள்ளையர்கள் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடுவார்கள், யாரோடு எப்போது மோதுவது என்பது நம் கையில். ஆனால் ஸ்கேன் முடிந்து குற்றவாளி என்று காட்டும்வரை ட்ரிகரைத் தொடக்கூடாது. ரேடாரில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: சதுரமாகத் தெரிகிற கப்பல் முக்கோணமாக மாறினால் அவன் ஆயுதத்தை வெளியே எடுத்துவிட்டான் என்று பொருள். கூட்டத்தில் யார் கிளம்புகிறான் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். போலீஸ் குறுக்கே வரும்போது சுடுவதை நிறுத்திவிடுங்கள். என் குண்டு ஒன்று போலீஸ் கப்பலில் பட்டு, நல்ல வேட்டை நடந்துகொண்டிருந்த இரவை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது.

சரக்கோடு போகும்போது நடுவழியில் இழுத்துப் பிடிக்கிறார்களே, இன்டர்டிக்‌ஷன், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. திரையில் தெரிகிற தப்பிக்கும் புள்ளியை நோக்கி மல்லுக்கட்டலாம். ஜெயித்தால் நல்லது. தோற்றால் கப்பல் தாறுமாறாகச் சுழன்று வெளியே விழும், சேதமாகும், டிரைவ் மறுபடி தயாராக வெகுநேரம் ஆகும். அதற்குப் பதில் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இறக்கி நாமே பணிந்துவிட்டால் சுழற்சி இல்லை, டிரைவ் சீக்கிரம் தயாராகிவிடும். விழுந்த நொடியே சிஸுக்கு பிப், பூஸ்ட் (திடீர் வேகப் பாய்ச்சல்), ஜம்ப். சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. சரக்குக் கப்பல்காரர்கள் எல்லோரும் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது ஓர் அனகோண்டாவோடு நடந்த சண்டை. ஆபத்து கூடுதலான ஹை ரெஸ் ஒன்றில், போலீஸ் இரண்டு பேர் ஏற்கெனவே பிடித்திருந்த பெரிய கப்பல். அதன் பின்னால் கீழ்ப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் பவர் பிளான்ட்டைக் குறிவைத்து அடித்தால் முழு உடம்பையும் கிழிக்க வேண்டியதில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது முழுதாக என் பக்கம் திரும்பியது. என் கப்பலைச் சுற்றி இருந்த நீல வளையங்கள் மூன்றும் போய்விட்டன, ஷீல்டு இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தேன். கண்ணாடியில் கீறல் விழுந்தது. முதலில் இடது ஓரத்தில் ஒரு கோடு, அப்புறம் சிலந்தி வலை மாதிரி, அப்புறம் மொத்தமாக உடைந்து வெளியே பறந்தது. அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை: சத்தம் அடங்கிவிட்டது. எஞ்சின் இரைச்சலும் துப்பாக்கியும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல மங்கிப்போய், என் மூச்சு மட்டும் ஹெல்மெட்டுக்குள் கேட்கிறது. குறி பார்க்கிற வட்டமும் காணோம், ஏனென்றால் அது அந்தக் கண்ணாடியில்தான் தெரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு நேராக நட்சத்திரங்கள். ஓரத்தில் ஆக்ஸிஜன் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. என்னிடம் இருந்தது மலிவான ஈ ரக லைஃப் சப்போர்ட், அதில் 5 நிமிடம்தான். ஏ ரகம் வாங்கியிருந்தால் 25 நிமிடம்.

ஆயுதத்தை உள்ளே இழுத்தேன். எஞ்சுக்கு 4. பூஸ்ட். முன்பே தேர்ந்தெடுத்திருந்த பக்கத்து நட்சத்திரம், ஆனால் அதை நோக்கி மூக்கைத் திருப்ப கண்ணாடியில் அடையாளம் இல்லை, டாஷ்போர்டில் இருக்கும் சின்ன திசைகாட்டிப் புள்ளியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஹல், அதாவது கப்பலின் உடம்பு, 19 சதவீதத்தில் இருந்தபோது ஜம்ப் ஆனது. அங்கே போய் ஸ்டேஷனைத் தேடி, இறங்க அனுமதி கேட்டு, உள்ளே போய் தரையைத் தொட்டபோது ஆக்ஸிஜன் 40 நொடி பாக்கி. வெடித்திருந்தால் அன்று சேர்த்த பரிசுப் பணத்துக்கான சீட்டு எல்லாமே போயிருக்கும். கை உண்மையிலேயே நடுங்கியது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், "என்னடா இப்படி வேர்த்திருக்கு" என்று மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவே லைஃப் சப்போர்ட்டை மாற்றினேன். அதைவிட முக்கியமாக, ஷீல்டு கடைசி வளையத்துக்கு வந்தால் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி. எதிரியின் ஹல் 5 சதவீதத்தில் இருந்தாலும் சரி. தூரமாகப் போய், சிஸுக்கு 4 கொடுத்து ஷீல்டை வளர்த்துக்கொண்டு திரும்பி வந்தால் அதே ஆள் பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பான். இந்த முடிவுக்குப் பிறகு நான் இழந்த கப்பல்கள் இரண்டு மட்டும்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளேயே இருக்கிற பயிற்சிப் பாடங்கள் சுடுவதைச் சொல்லித் தருகிற அளவுக்குத் தப்பிப்பதைச் சொல்லித் தருவதில்லை, மேலே எழுதியதில் பாதிக்கு மேல் இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் மாடி வீட்டில் ஓர் அண்ணன் இருக்க மாட்டார். தனியாக விளையாடும் சோலோ முறைக்கும் இணைய இணைப்பு கட்டாயம். பெங்களூரு மழையில் கரண்ட் போனால் எங்கள் அடுக்ககத்தில் ஜெனரேட்டர் எழுந்திருக்கும் சில நொடியில் ரவுட்டர் அணைந்துவிடும், நடுச்சண்டையில் வெளியே வந்து விழுவோம். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிய பிறகு பிரச்சினை தீர்ந்தது. நல்ல ஆயுதங்களை மேலும் கூர்மையாக்க எஞ்சினியர்களைத் தேடிப் பொருள் சேர்க்கிற வேலை இருக்கிறது, அது நீண்ட வேலை, எனக்கு அதில் அவ்வளவாகப் பிடிப்பு இல்லை. 2021-ல் வந்த ஒடிசி விரிவாக்கத்தில் கப்பலை விட்டு இறங்கி நடந்து சுடலாம். கப்பல் சண்டைக்கு அது தேவையில்லை, வாங்குவதற்கு அவசரம் வேண்டாம்.

ஜாய்ஸ்டிக் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கீபோர்டும் மவுஸும் போதும், நான் முதல் நான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். வாங்குவதானால் நேரில் போய்ச் சோதித்து வாங்குங்கள். எஸ்.பி. ரோடில் ஒரு கடையில் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் கையை எடுத்தாலும் கப்பல் மெதுவாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. திருப்பிக் கொண்டுபோனால் விற்ற பொருளை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். செட்டிங்ஸில் டெட்சோன் என்று ஒன்று இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடும் அளவு அது; அந்த அச்சுக்கு மட்டும் அதைக் கொஞ்சம் கூட்டியதும் கப்பல் தானாகத் திரும்புவது நின்றது. கடையிலேயே ஒரு லேப்டாப்பில் மாட்டிக் காட்டச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

என் மதிப்பீடு: பொறுமை இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலரை. ஒரு மணி நேரத்தில் ஜெயித்துவிட்டுத் தூங்கப் போக நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். அடிப்படை விளையாட்டுக்கு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடி அடிக்கடி வரும், முழு விலை கொடுக்காமல் காத்திருந்து வாங்கலாம். முதல் வாரம் சோலோவிலேயே இருங்கள், மற்ற ஆட்டக்காரர்கள் சுற்றுகிற ஓப்பனுக்கு அப்புறம் போகலாம். ரீபைக்குக் குறைந்தது இரண்டு தடவைக்கான பணம் கையில் இல்லாமல் புதுக் கப்பலை எடுக்க வேண்டாம். வாங்கிய அன்று இரவு, சைட்வைண்டரை ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆயுதத்தை நீட்டி, உள்ளே இழுத்து, இடது அம்பை இரண்டு தடவை தட்டி, பூஸ்ட் அடித்து, பக்கத்து நட்சத்திரத்துக்கு ஜம்ப் செய்யுங்கள். திரையைப் பார்த்தபடியே, விரலைப் பார்க்காமல், இருபது தடவை.